பேஸ்பால் சிமுலேஷன் கேமில் ஆட்ட லாக்கைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேஸ்பால் சிமுலேஷன் கேமில் நாம் பேட்டைத் தொடுவதே இல்லை. அணியை அமைக்கிறோம், பேட்டிங் வரிசையை எழுதுகிறோம், எந்தப் பிட்சரை (பந்து வீசுபவரை) எப்போது இறக்கவேண்டும் என்று சொல்லி வைக்கிறோம். மீதியைக் கணினி ஆடி முடித்துவிட்டு ஒரு ஸ்கோரையும், அதற்குப் பின்னால் நீளமான ஒரு லாக்கையும் (ஆட்டத்தின் வரிவரியான பதிவு) கொடுக்கிறது. பெரும்பாலானவர்கள் ஸ்கோரோடு நின்றுவிடுகிறார்கள். 5-4 என்று தோற்றால், தோல்வி யார் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தப் பிட்சரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

லாக்கைத் திறப்பவர்களில் பலரும் அதில் தவறான கேள்வியைத்தான் தேடுகிறார்கள்: "இந்த வீரர் தேறுவாரா, மாட்டாரா?" ஒரே ஒரு ஆட்டத்தின் லாக் அதற்குப் பதில் சொல்லாது. 0.300 சராசரி உள்ள, அதாவது பத்து முறையில் மூன்று முறை ஹிட் அடிக்கும் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை அடையும்) பேட்டர் ஒருவர் நான்கு முறை ஆடி ஒரு ஹிட்கூட அடிக்காமல் போக எவ்வளவு வாய்ப்பு? 0.7 ஐ நான்கு முறை பெருக்குங்கள். 0.24 வரும். அதாவது, அணியின் சிறந்த பேட்டரே ஏறத்தாழ நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை வெறுங்கையோடு திரும்புவார். அது கோளாறு இல்லை, கணக்கு.

ஒரு ஆட்டத்தின் லாக் நன்றாகச் சொல்வது வேறொன்றை: நீங்கள் கொடுத்த உத்தரவுகள் களத்தில் எப்படி நடந்தன என்பதை. பிட்சரை எப்போது மாற்றினீர்கள், யாரை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், பன்ட் வைக்க (ரன்னரை நகர்த்தப் பந்தை மெதுவாகத் தட்டிவிட) சொன்னீர்களா, பேஸ் திருட (பந்து அடிபடுவதற்குள் அடுத்த பேஸுக்கு ஓட) சொன்னீர்களா என்பதையெல்லாம் அதில் வரிவரியாகப் பார்க்கலாம். பகடை (அதிர்ஷ்டம்) செய்ததையும் நீங்கள் செய்ததையும் பிரித்துப் பார்ப்பதுதான் லாக் படிப்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

கேமில் ஆங்கிலச் சுருக்கங்களாக வருபவற்றை இங்கே ஒலிக்கு ஏற்பத் தமிழில் எழுதுகிறேன். திரையோடு ஒப்பிட்டுப் படித்தால் குழப்பம் வராது.

முதல் படி: உங்கள் கேம் எதை, எப்போது தீர்மானிக்கிறது?

இந்தக் கேம்களின் மூதாதைகள் காகிதமும் பகடையும்தான். ஏபிபிஏ 1951இலும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1961இலும் வந்தன. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் மூன்று பகடைகள். முதல் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்கவேண்டும், 4 முதல் 6 வரை விழுந்தால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று சொல்லும். பிட்சரின் அட்டையில் சில வரிகள் ஃபீல்டரின் பக்கம் கைகாட்டும். அப்போது, உதாரணமாக, ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) தரத்தைப் பார்த்து முடிவு வரும்.

இது ஏன் முக்கியம்? இந்த வகைக் கேமில் ஒரு பேட்டர் வந்து போவது முழுவதும் ஒரே வீச்சில் முடிந்துவிடுகிறது. அதில் "2-2 இல் (இரண்டு பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆன நிலையில்) ஏன் ஸ்லைடர் (வளைந்து போகும் பந்து) வீசினான்" என்று யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் போன்ற கணினிக் கேம்கள் ஒவ்வொரு பந்தையும் வரியாகக் காட்டும். ஆனால் பந்துகள் காட்டப்படுவதாலேயே அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீர்மானிக்கப்பட்டன என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில கேம்களில் முடிவு முதலில் வந்துவிடும். அதற்குப் பொருத்தமான பந்துகளும் வர்ணனையும் பிறகு ஒட்டப்படும். உங்கள் கேமின் கையேட்டில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெரியவில்லை என்றால் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு: முடிவை நம்புங்கள், பந்துகளின் எண்ணிக்கையை நம்புங்கள், வர்ணனையை நம்பாதீர்கள். "பாய்ந்து பிடித்தார், அபாரம்!" என்ற வரி அலங்காரமாக இருக்கலாம். "எஃப்8" (சென்டர் ஃபீல்டில் பிடிபட்டு அவுட்) என்ற குறி அலங்காரம் இல்லை.

இரண்டாம் படி: லைன் ஸ்கோரில் இன்னிங்ஸைத் தேடுங்கள்

முழு லாக்கையும் மேலிருந்து கீழே படிக்காதீர்கள். ஒரு ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து எழுபது, எண்பது பேட்டர்கள் வந்து போவார்கள். அதில் முக்கால்வாசி அமைதியாக அவுட் ஆனவர்கள். முதலில் மேலே உள்ள லைன் ஸ்கோரைப் (இன்னிங்ஸ் வாரியாக ரன்களைக் காட்டும் வரி) பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கற்பனை ஆட்டத்தை வைத்துக்கொள்வோம்:

விருந்தினர் (நீங்கள்): 1 0 0 2 0 1 0 0 0 — 4 8 1
சொந்த மைதான அணி: 0 0 2 0 0 0 3 0 எக்ஸ் — 5 7 0

கடைசி மூன்று எண்கள் ரன், ஹிட், பிழை. ஒன்பதாவது இன்னிங்ஸில் எக்ஸ் இருப்பது, முன்னிலையில் இருந்த சொந்த அணி பேட் செய்யத் தேவைப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. நீங்கள் எட்டு ஹிட் அடித்தும் தோற்றிருக்கிறீர்கள், எதிரணிக்கு ஏழுதான். கண் போகவேண்டிய இடம் ஏழாவது இன்னிங்ஸின் 3. உங்கள் பக்கத்தில் ஒரு பிழை இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த இன்னிங்ஸில் என்று பார்ப்போம்.

மூன்றாம் படி: பாக்ஸ் ஸ்கோரில் பிட்சர்களிடமிருந்து தொடங்குங்கள்

பாக்ஸ் ஸ்கோர் என்பது ஒவ்வொரு வீரரின் எண்களையும் தரும் அட்டவணை. அதில் பேட்டர்களின் வரிசை கண்ணைக் கவரும். ஆனால் உங்கள் முடிவுகளில் பாதிக்கு மேல் பிட்சர்கள் பற்றியவை. அதனால் அங்கிருந்தே தொடங்குவது நல்லது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஸ்டார்ட்டர், அவருக்குப் பிறகு இறங்குபவர்கள் ரிலீவர்கள்.

ஸ்டார்ட்டர்: ஐபி 6.1, எச் 5, ஆர் 5, ஈஆர் 4, பிபி 2, கே 5, பந்துகள் 98 (தோல்வி)
ரிலீவர் 1: ஐபி 0.2, எச் 1, ஆர் 0, ஈஆர் 0, பிபி 0, கே 1
ரிலீவர் 2: ஐபி 1.0, எச் 1, ஆர் 0, ஈஆர் 0, பிபி 0, கே 1

ஐபி என்பது வீசிய இன்னிங்ஸ். 6.1 என்பதைப் பத்தில் ஒரு பங்காகப் படிக்கக்கூடாது. கிரிக்கெட்டில் 12.4 ஓவர் என்றால் 12 ஓவரும் 4 பந்தும் என்று நமக்குத் தெரியும் அல்லவா, அதே வழக்கம்தான்: 6 இன்னிங்ஸும் 1 அவுட்டும். 6.2க்கு அடுத்து வருவது 7.0. சராசரிகளை நீங்களே விரிதாளில் போடும்போது 6.1ஐ 6.33 என்று மாற்றாவிட்டால் எல்லாக் கணக்கும் கோணலாகும்.

எச் ஹிட், ஆர் அந்தப் பிட்சரின் கணக்கில் ஏறிய ரன், ஈஆர் அவற்றில் பிழை இல்லாமல் வந்தவை, பிபி வாக் (நான்கு பால் ஆனதால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது), கே ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த எண் கடைசியில் இருப்பது, வீசிய பந்துகள். ஒரு பேட்டருக்கு நான்கு பந்துக்கு மேல் போகும் பிட்சர் ஆறாவது இன்னிங்ஸிலேயே களைத்துவிடுவார், அவர் ரன் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும்.

இப்போது ரிலீவர் 1 ஐப் பாருங்கள். ரன் இல்லை, ஈஆர் இல்லை, ஒரு ஸ்ட்ரைக்அவுட். பார்வைக்குச் சுத்தம். ஸ்டார்ட்டரோ ஐந்து ரன், தோல்வி. பாக்ஸ் ஸ்கோரோடு நிறுத்தினால் "ஸ்டார்ட்டர் சொதப்பினார், புல்பென் (ரிலீவர்கள்) நன்றாக வீசியது" என்றுதான் எழுதுவீர்கள். அது உண்மையா என்பதை அடிக்குறிப்புகள் சொல்லும்.

நான்காம் படி: அடிக்குறிப்புகள்

பாக்ஸ் ஸ்கோரின் கீழே சிறிய எழுத்தில் வரும் பகுதியை யாரும் படிப்பதில்லை. அங்கேதான் சரக்கு இருக்கிறது.

முதலில் தேடவேண்டியது "வாரிசாக வந்த ரன்னர்கள்". ரிலீவர் இறங்கும்போது பேஸில் ஏற்கெனவே நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் ரன் எடுத்தார்கள் என்ற கணக்கு. நம் ஆட்டத்தில் ரிலீவர் 1க்கு 2-2 என்று இருக்கும்: இருவர் நின்றார்கள், இருவருமே வந்துவிட்டார்கள். விதிப்படி அந்த ரன்கள் அவர்களைப் பேஸில் ஏற்றிய ஸ்டார்ட்டரின் கணக்கில்தான் சேரும். முன்னிலையைத் தந்த ரன்னரை அனுமதித்தவர் என்பதால் தோல்வியும் அவருக்கே. ரிலீவர் பெயருக்குப் பக்கத்தில் "ப்ளோன் சேவ்" (காக்கவேண்டிய முன்னிலையைக் கோட்டைவிட்டவர்) என்ற குறி மட்டும் இருக்கும். அவருடைய ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி ஈஆர்) ஒரு துளிகூட ஏறாது. சீசன் முழுக்க ஈஆர்ஏவை மட்டும் பார்த்து ரிலீவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

அடுத்து ஜிஐடிபி, அதாவது தரைப் பந்தில் இரட்டை அவுட் ஆனவர்கள். பிறகு எஸ்பி, சிஎஸ்: திருடியது, திருட முயன்று மாட்டியது. பிறகு பிழைகளும் வைல்டு பிட்ச்களும். பல கேம்கள் வெப்பநிலையையும் காற்றின் திசையையும்கூட எழுதும். காற்று வெளியே வீசிய நாளில் மூன்று ஹோம் ரன் கொடுத்த பிட்சரை மறுநாளே கீழ்நிலை அணிக்கு அனுப்பவேண்டாம்.

எல்ஓபி, அதாவது பேஸில் விட்டுவிட்டு வந்தவர்கள், ஒரு தனிக் குழப்பம். அணியின் எல்ஓபி வேறு, ஒவ்வொரு பேட்டருக்கும் எதிரே எழுதப்படும் எல்ஓபி வேறு. ஒரே ரன்னர் மூன்று பேட்டர்கள் அவுட் ஆகும்வரை நின்றால் மூவர் கணக்கிலும் ஏறுவார். அணிக் கணக்கிலோ இன்னிங்ஸ் முடியும்போது நின்றவர் ஒருமுறை மட்டும். தனிக் கணக்குகளைக் கூட்டி "22 பேரை விட்டுவிட்டோமே" என்று புலம்புபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டல் எதையும் சொல்லாது.

ஆனால் அணியின் எல்ஓபி ஒரு நல்ல சோதனைக்கு உதவும். பேட் செய்ய வந்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒன்றாகத்தான் முடியமுடியும்: ரன் எடுத்தார், அவுட் ஆனார், அல்லது பேஸில் நின்றுவிட்டார். ஆகவே பேட் செய்ய வந்த மொத்த எண்ணிக்கை = ரன் + அவுட் + எல்ஓபி. எதிரணிக்கு 5 ரன், எட்டு இன்னிங்ஸுக்கு 24 அவுட், எல்ஓபி 4, மொத்தம் 33. பாக்ஸ் ஸ்கோரில் உள்ள ஏபி (சராசரிக் கணக்கில் சேரும் பேட்டிங் முறைகள்), வாக், பந்து பட்டது, தியாகப் பன்ட், தியாக ஃப்ளை (பிடிபட்டு அவுட் ஆனாலும் ரன்னருக்கு ரன் தரும் உயரப் பந்து) எல்லாம் கூட்டினால் 33 வரவேண்டும். பத்திரிகைகளில் ஸ்கோர் கையால் எழுதப்பட்ட காலத்திலேயே இப்படித்தான் சரிபார்த்தார்கள். கணினி தப்பாகக் கூட்டாது. நீங்கள் தப்பாகப் படித்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் படி: குறியீடுகள்

ஃபீல்டர்களுக்கு 1 முதல் 9 வரை எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, லெஃப்ட் ஃபீல்டு 7, சென்டர் 8, ரைட் 9. ஷார்ட்ஸ்டாப் 5 இல்லை, 6 என்பதை மட்டும் மனதில் வைத்தால் மீதி தானாக வரும். எண்கள் பேஸ்பால் முழுக்க ஒன்றே. இதில் எந்தக் கேமும் மாறாது.

6-4-3 என்றால் பந்து ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் போனது, இரட்டை அவுட். 4-3 என்றால் சாதாரணத் தரைப் பந்து. எஃப்8 சென்டரில் பிடிபட்ட உயரப் பந்து, எல்6 ஷார்ட்ஸ்டாப் பிடித்த லைன் டிரைவ், ஈ6 ஷார்ட்ஸ்டாப்பின் பிழை.

சில கேம்கள் பந்து எங்கே போனது என்பதற்கும் ஒரு குறி தரும். 56எஸ் என்றால் 5க்கும் 6க்கும் இடையே, ஆழம் குறைவாக. 78டி என்றால் லெஃப்டுக்கும் சென்டருக்கும் இடையே, ஆழமாக. எக்ஸ்டி என்றால் இன்னும் ஆழம். எல் கோட்டை ஒட்டி, எஃப் ஃபௌல் பகுதி. இந்த முறை 1980களில் ரசிகர்கள் சேர்ந்து நடத்திய புராஜெக்ட் ஸ்கோர்ஷீட்டில் பிறந்தது. 1989இல் தொடங்கிய ரெட்ரோஷீட் அமைப்பின் பழைய ஆட்டக் கோப்புகளிலும் இதே பாணியைப் பார்க்கலாம். எனவே இதை ஒருமுறை கற்றுக்கொண்டால் நிஜ ஆட்டங்களின் பதிவுகளையும் படிக்கலாம். புதிய கேம்களில் பந்து பேட்டிலிருந்து கிளம்பிய வேகமும் மைல் கணக்கில் இருக்கும். மணிக்கு 95 மைலும் அதற்கு மேலும் போனால் பலமாக அடிபட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: அந்த ஒரு இன்னிங்ஸை மட்டும் மெதுவாகப் படியுங்கள்

சரி, இப்போது ஏழாவது இன்னிங்ஸுக்கு வருவோம். ஸ்கோர் 4-2, நீங்கள் முன்னிலை. ஸ்டார்ட்டர் வலது கைக்காரர், இதுவரை 88 பந்து வீசியிருக்கிறார். எதிரணி வரிசையை மூன்றாம் முறையாகச் சந்திக்கிறார்.

5ஆம் பேட்டர் (இடது): 0-0 பால். 1-0 பால். 2-0 ஸ்ட்ரைக், பார்த்து நின்றார். 2-1 பால். 3-1 பால். வாக்.
6ஆம் பேட்டர் (வலது): 0-0 ஃபௌல். 0-1 சிங்கிள், தரைப் பந்து, 56எஸ்.
7ஆம் பேட்டர் (வலது): 0-0 தரைப் பந்து, ஈ6. பேஸ்கள் நிறைந்தன.
8ஆம் பேட்டர் (இடது): 0-0 பால். 1-0 எஃப்8, தியாக ஃப்ளை. மூன்றாம் பேஸ் ரன்னர் வந்தார். 4-3.
பிட்சர் மாற்றம்: இடது கை ரிலீவர்.
9ஆம் இடத்தில் மாற்று பேட்டர் (வலது): 0-0 ஸ்ட்ரைக், வீசி ஏமாந்தார். 0-1 பால். 1-1 டபுள், லைன் டிரைவ், 78டி. இருவர் வந்தனர். 4-5.
1ஆம் பேட்டர் (இடது): ஸ்ட்ரைக்அவுட்.
2ஆம் பேட்டர்: தரைப் பந்து, 4-3 அவுட்.

பந்து வரிகளில் முதல் எண் பால் (அடிக்கும் எல்லைக்கு வெளியே போய், பேட்டர் வீசாமல் விட்டது), இரண்டாவது ஸ்ட்ரைக் (எல்லைக்குள் வந்தது அல்லது பேட்டர் வீசித் தவறவிட்டது). சிங்கிள் ஒரு பேஸ் தரும் ஹிட், டபுள் இரண்டு பேஸ் தருவது. ஃபௌல் என்பது கோட்டுக்கு வெளியே போன அடி. வரியின் தொடக்கத்தில் இருப்பது அந்தப் பந்து வீசப்படுவதற்கு முந்தைய நிலை. ஃபௌல் இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு எண்ணை ஏற்றாது. அதனால் 1-2 என்பது மூன்று முறை தொடர்ந்து வந்தால் திரை உறைந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

ஏன் ஆர் ஐந்து, ஈஆர் நான்கு? மூன்றாவது இன்னிங்ஸின் இரண்டு ரன்களும் பிழை இல்லாமல் வந்தவை என்று கொள்வோம். ஏழாவதில் ஸ்கோரர் பிழை நடக்காததுபோல் இன்னிங்ஸை மறுபடி கட்டிப் பார்ப்பார். 7ஆம் பேட்டர் அவுட் ஆகியிருப்பார், தியாக ஃப்ளையில் ஒரு ரன் வந்திருக்கும், டபுளில் 6ஆம் பேட்டர் வந்திருப்பார். 7ஆம் பேட்டரின் ரன் மட்டும் பிழையால் வந்தது. இதில் ஒரு நுணுக்கம்: அந்தத் தரைப் பந்து இரட்டை அவுட் ஆகியிருக்கக்கூடியது, ஆனால் ஸ்கோரர் இரட்டை அவுட்டை ஊகிக்க விதி இடம் தராது. அதனால் ஈஆர் கணக்கு பிழையின் உண்மையான விலையைக் குறைத்தே காட்டுகிறது.

ஏழாம் படி: ஒவ்வொரு நிகழ்வுக்கும் விலை போடுங்கள்

இங்கே ரன் எதிர்பார்ப்பு அட்டவணை உதவும். எந்தெந்த பேஸில் ஆள், எத்தனை அவுட் என்ற ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடியும்வரை சராசரியாக எத்தனை ரன் வரும் என்பதே அது. சமீப கால மேஜர் லீக் அளவில் தோராயமாகச் சொன்னால்: யாரும் இல்லை, அவுட் இல்லை 0.5, முதல் பேஸில் ஆள் 0.9, முதலும் இரண்டும் 1.4, பேஸ் நிறைந்து அவுட் இல்லை 2.3. முதலிலும் இரண்டிலும் ஆள், ஒரு அவுட் 0.9. இரண்டாம் பேஸில் மட்டும் ஆள், ஒரு அவுட் 0.7. மூன்றில் மட்டும் ஆள், இரண்டு அவுட் 0.35.

வாக் 0.4 ரன் செலவு. சிங்கிள் 0.5. பிழை 0.9. டபுளில் இரண்டு ரன் வந்து 0.9 இருந்த நிலை 0.7க்கு இறங்கியது, ஆக 1.8. வெறும் கணக்கில் டபுள்தான் பெரியது. ஆனால் அந்தத் தரைப் பந்து 6-4-3 ஆகியிருந்தால் நிலை 0.35. 2.3க்கும் 0.35க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 2 ரன். ஆட்டத்தின் திருப்பம் அந்த ஒரு பந்து.

இதே அட்டவணை பன்ட் உத்தரவையும் அம்பலப்படுத்தும். முதல் பேஸில் ஆள், அவுட் இல்லை என்பது 0.9. பன்ட் வெற்றியாகவே முடிந்து இரண்டாம் பேஸுக்கு ஆளை நகர்த்தினாலும் 0.7. கேமின் மேலாளர் அமைப்பில் பன்ட் அளவு இயல்புநிலையில் இருந்தால், முதல் நான்கு இன்னிங்ஸில் எத்தனை பன்ட் வந்தது என்று லாக்கில் எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு ரன் போதும் என்ற கடைசி இன்னிங்ஸில் மட்டும்தான் அதற்கு நியாயம் உண்டு.

எட்டாம் படி: பகடையா, நானா?

ஏழாவது இன்னிங்ஸை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே இந்தக் கேள்வியைப் போடுங்கள்.

வாக்: ஐந்து பந்தில் ஒன்றுதான் ஸ்ட்ரைக். 88 பந்து வீசிக் களைத்த வலது கைக்காரர், மூன்றாம் முறை சந்திக்கும் இடது கை பேட்டர். இதில் என் கை இருக்கிறது. இன்னிங்ஸ் தொடங்கும்போதே மாற்றியிருக்கலாம்.

56எஸ் சிங்கிள்: தரைப் பந்துகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஹிட் ஆகும், லைன் டிரைவ் என்றால் மூன்றில் இரண்டு. இது பகடை. ஆனால் அதே 56எஸ் வழியாக வாரத்துக்கு நாலைந்து ஹிட் போய்க்கொண்டிருந்தால் மூன்றாம் பேஸ்மேன் எவ்வளவு தூரம் நகர்ந்து பந்தை எடுப்பார் என்ற ரேஞ்ச் தரத்தைத் திறந்து பாருங்கள்.

ஈ6: உண்மையான ஷார்ட்ஸ்டாப் நின்றிருந்தால் பகடை. நல்ல பேட்டிங் வேண்டும் என்று இரண்டாம் பேஸ்மேனை நீங்கள் அங்கே நகர்த்தியிருந்தால் அது உங்கள் பிழை, ஸ்கோரர் அவர் பெயரில் எழுதியிருந்தாலும்.

ரிலீவர் மாற்றம்: எனக்கு உறுத்துவது இதுதான். பேஸ் நிறைந்து இடது கை 8ஆம் பேட்டர் வந்தபோது இடது கை ரிலீவர் புல்பென்னில் இருந்தார். அவரை ஒரு பேட்டர் தாமதமாக இறக்கியதால், எதிரணி உடனே வலது கை மாற்று பேட்டரை அனுப்பியது. அவர் அடித்தது பகடையாக இருக்கலாம்; அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்தது நாம். மேஜர் லீக்கில் 2020 முதல் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களையாவது சந்திக்கவேண்டும், இல்லை இன்னிங்ஸை முடிக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. கேமில் அது இயங்கினால் ரிலீவரை உடனே திரும்ப எடுக்கவும் முடியாது. எனவே ரிலீவரைத் தேர்ந்தெடுக்கும்போது வரப்போகும் மூன்று பேரைப் பார்க்கவேண்டும், ஒருவரை இல்லை.

ஆக, தோல்வி என்று எழுதப்பட்ட ஸ்டார்ட்டர் ஆறு இன்னிங்ஸில் 22 பேட்டர்களைச் சந்தித்து இரண்டு ரன் மட்டும் கொடுத்தவர். அவரைப் பெஞ்சில் உட்கார வைப்பது எந்தச் சிக்கலையும் தீர்க்காது. ஸ்டார்ட்டரை எவ்வளவு சீக்கிரம் மாற்றுவது என்ற அமைப்பை ஒரு படி கூட்டிப் பார்ப்பதே சரியான பதில்.

ஒன்பதாம் படி: விதிகள் எந்த ஆண்டுடையவை?

பழைய சீசன்களை மீண்டும் ஆடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். அமெரிக்கன் லீக்கில் 1973இல்தான் பிட்சருக்குப் பதில் பேட் செய்யும் டிஎச் வந்தது, நேஷனல் லீக்கில் நிரந்தரமாக வந்தது 2022இல். அதற்கு முந்தைய லாக்கில் ஒன்பதாம் இடத்தில் பிட்சரே நிற்பார். ஆறாவது இன்னிங்ஸில் ரன்னர்கள் நிற்கும்போது நன்றாக வீசும் பிட்சரை எடுத்துவிட்டு மாற்று பேட்டர் வருவது அங்கே முட்டாள்தனம் இல்லை. சேவ் 1969இல்தான் அதிகாரப்பூர்வக் கணக்கானது. இப்போதுள்ள வடிவில் தியாக ஃப்ளை விதி 1954 முதல். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அதே அவுட் ஏபியில் சேர்ந்து சராசரியைக் குறைத்தது.

புதிய சீசன் என்றால் கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் தானாக ஒரு ரன்னர் நிற்பார் (2020இல் தற்காலிகமாக, 2023இல் நிரந்தரமாக, சீசன் ஆட்டங்களுக்கு மட்டும்). அவர் எடுக்கும் ரன் ஈஆரில் சேராது. பத்தாவது இன்னிங்ஸில் ஹிட்டே இல்லாமல் ரன் ஏறியிருந்தால் கேமில் கோளாறு என்று புகார் எழுதுமுன் இதைப் பாருங்கள்.

பத்தாம் படி: பல லாக்குகளைச் சேர்த்துப் படிப்பது

வீரர் எப்படி என்ற கேள்விக்கு இப்போதுதான் நேரம். அதிலும் எல்லா எண்களும் ஒரே வேகத்தில் நம்பத் தகுந்தவை ஆகிவிடாது. ஸ்ட்ரைக்அவுட், வாக் விகிதங்கள் சீக்கிரம் நிலைபெறும். களத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆகின்றன என்ற பாபிப் எண் மிகத் தாமதமாகத்தான் நிலைபெறும். ஹோம் ரன் நீங்கிய ஹிட்களை, களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்துகளால் வகுத்தால் பாபிப். மேஜர் லீக் சராசரி 0.300ஐ ஒட்டியே இருக்கும். ஒரு பிட்சரின் ஈஆர்ஏ பத்து ஆட்டமாக மோசம், ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் மாறவில்லை, பாபிப் 0.370 என்றால் அவரைத் தொடாதீர்கள். பாபிப் 0.300, ஆனால் வாக் இரட்டிப்பு என்றால் காயமா, களைப்பா, வயதா என்று பார்க்கவேண்டிய நேரம்.

இதற்கு ஒரு விரிதாள் போதும். தோற்ற ஆட்டங்களை மட்டும் போடாதீர்கள். வென்ற ஆட்டங்களில்தான் தவறான உத்தரவுகள் ஒளிந்திருக்கும், ஏனென்றால் அவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. 7-1 என்று வென்ற ஆட்டத்தில் உங்கள் ஸ்டார்ட்டர் 118 பந்து வீசியிருந்தால், அதற்கான விலை அடுத்த வாரத்து லாக்கில் வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்கு நெடுவரிசை வையுங்கள்: ஸ்டார்ட்டர் வெளியேறியபோது இருந்த பந்து எண்ணிக்கை, வாரிசு ரன்னர்கள் (நின்றது, வந்தது), பன்ட்டும் திருட்டு முயற்சியும், பெரிய இன்னிங்ஸில் "நான்" என்று குறித்த வரிகள். கடைசி நெடுவரிசையில் ஒரே காரணம் மூன்று நான்கு முறை திரும்பி வரும்போது அமைப்பை மாற்றுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். ஸ்டார்ட்டர் மாற்றத்தையும் ரிலீவர் பொறுப்புகளையும் ஒரே நாளில் மாற்றினால், அடுத்த இருபது லாக்குகளில் எது எதனால் நடந்தது என்று உங்களால் பிரிக்கமுடியாது.